டெர்மக்ஸ் மேக்ரோ: எண்டரை உள்ளே வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மடிக்கணினி இல்லாமல் கைப்பேசியிலேயே லினக்ஸ் பழகும் பையன்கள் சிலர் என்னிடம் வருவார்கள். கண்ணாடித் திரையில் நீளமான கட்டளையைத் தட்டுவது எரிச்சலான வேலை. அதனால், ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலி கைக்கு வந்ததுமே, பல விசைகளை ஒரே பொத்தானில் அடக்கும் மேக்ரோ செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். மேற்கோள் குறியை மூட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். பொத்தான் வேலை செய்யாதபோது தானே தெரிந்துவிடும்.

எண்டரோடு முடியும் மேக்ரோ

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் ஒரு தம்பி, தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய்ப் பழைய கோப்புகளைத் துடைக்க ஒரு பொத்தான் வைத்திருந்தான். முதலில் சிடி என்ற கட்டளை போட்டு அந்தக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு (ஃபோல்டருக்கு) போகும், அடுத்து ஓர் அரைப்புள்ளி, அப்புறம் இருப்பதையெல்லாம் அழிக்கும் ஆர்எம், கடைசியில் எண்டர். ஒரே தட்டு.

செம்பனைக்குள்ளே சிக்னல் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? திரை கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். அப்புறம் இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி வரும், அதற்குக் கீழே கைப்பேசியின் சொந்த பிராம்ப்ட், அதாவது கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி. தம்பி அந்த வரியைப் படிக்கவில்லை. எஸ்எஸ்எச் போவதற்கு முன் அவன் நின்றிருந்த இடம் கேமரா படங்கள் இருக்கும் அடைவு. பொத்தானைத் தட்டினான். சர்வரில் இருக்கும் அடைவு கைப்பேசியில் ஏது? சிடி தோற்றது. அரைப்புள்ளிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, ஆர்எம் ஓடியது. எடைச் சீட்டுப் படங்களும் தங்கச்சி சடங்குப் படங்களும் ஒன்றாகப் போயின. ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

“அண்ணே, சர்வர்லதானே அழிச்சேன்!” என்றான்.

மேக்ரோ என்பது வெறும் விசைத்தட்டல். எதிரே சர்வரா, கைப்பேசியா, பாதி திறந்த விம் எடிட்டரா என்று அது பார்க்காது. எண்டரை எடுத்துவிட்டால் கட்டளை வரியில் வந்து நிற்கும். படித்துப் பார்த்து நீங்களே எண்டர் தட்டலாம். அரைப்புள்ளிக்குப் பதில் && போடுங்கள், சிடி தோற்றால் ஆர்எம் ஓடாது. டெர்மக்ஸின் பிராம்ப்ட்டில் அடைவின் பெயரும் டாலர் குறியும்தான் இருக்கும். சர்வர் பிராம்ப்ட்டுக்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால் எங்கே நிற்கிறோம் என்பது கண்ணில் படும். அழிக்கும் வேலைக்கு மேக்ரோவே வேண்டாம் என்பேன். சொன்னால் கேட்பதில்லை.

கடவுச்சொல்லை மேக்ரோவில் எழுதுவது

கூடாது. கடவுச்சொல் தட்டாமலே சர்வருக்குள் போக எஸ்எஸ்எச் சாவி செய்துகொள்ளுங்கள்.

காணாமல் போகும் இடைவெளி

மேக்ரோவுக்குள் இடைவெளி என்பது ஒரு விசை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. கட்டளைக்கு இடைவெளி வேண்டுமென்றால் ஸ்பேஸ் என்ற விசைப்பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் சிடியும் அடைவின் பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் பொத்தான்

நீளக் கட்டளைக்குப் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஏலியாஸ், அதாவது ஒரு சுருக்கப் பெயர், போதும். ஒரே திரையில் பல டெர்மினல்களை நடத்தும் டீமக்ஸில் கண்ட்ரோலும் பீயும் (b) தட்டி அப்புறம் டீ (d) தட்டுவது மாதிரியான விரல் சிக்கலுக்குத்தான் மேக்ரோ. அதையும் தனிப் பொத்தானாக வைக்காமல், இருக்கிற பொத்தானை மேலே தள்ளினால் வரும் பாப்அப்பில் வைத்தால் வரிசை நெரியாது. வெறும் கண்ட்ரோலுக்கு ஒலியைக் குறைக்கும் பொத்தானே இருக்கிறது.