ரெப்போ குறைந்தது, உங்கள் வீட்டுக் கடன் குறைந்ததா?

2025 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி படிப்படியாக இறக்கி, அதே ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. இந்தக் குறைப்பு உங்கள் கடனுக்கு வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டிக்கு வாங்கிய வீட்டுக் கடன் என்றால், அநேகமாக ரெப்போவோடு இணைந்திருக்கும். மூன்று மாதத்துக்குள் வட்டி மாற வேண்டும். வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியைத் தீர்மானிக்கும் எம்சிஎல்ஆர் முறையிலுள்ள பழைய கடனில் குறைப்பு மெதுவாகத்தான் வரும். ரெப்போ முறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கட்டணம் இருக்கலாம்.

அப்புறம், தவணையைக் குறைக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள். 30 லட்சம் ரூபாய், 20 வருடக் கடனில் வட்டி 9-லிருந்து 7.75 சதவீதமானால் தவணை சுமார் 2,350 ரூபாய் குறையும். பழைய தவணையையே கட்டினால், கடன் ஏறக்குறைய மூன்றரை வருடம் முன்னதாகவே முடியும். குறைந்த தவணையில் 20 வருடமும் கட்டுவதோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் சுமார் 6 லட்சம் மிச்சம். கையில் பணம் இறுக்கமாக இல்லையென்றால் இதுவே நல்லது என்பேன்.

முக்கியமாக, மீதமுள்ள தவணைக் காலத்தைப் பாருங்கள். 2022-23இல் ரிசர்வ் வங்கி விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றியபோது, கடன் கொடுத்த வங்கிகள் பலருடைய தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. அந்த நீட்டிப்பு இன்னும் உங்கள் கணக்கில் இருக்கலாம்.