அரசுத் திட்டம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது? பார்த்து எழுதும் முறை

சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்கு ஆய்வுக்குப் போனால், எடுத்த எடுப்பில் 'திட்டத்தால் பயன் உண்டா' என்று கேட்கிறார்கள், 'உண்டு' என்று பதில் வருகிறது, அதோடு சரி. போகும் முன்பே திட்டத்தின் விதிமுறையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். அரசு எதைக் குடும்பம் என்று நினைக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய், ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்தான். 21 வயது முடிந்த பெண்கள் பலர் இருந்தால் யார் விண்ணப்பிப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். மாமியாரா, மருமகளா? அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தகுதியில்லை என்றும் விதி வைத்தார்கள்; அண்ணனும் தம்பியும் ஒரே மீட்டரில் இருக்கிற வீட்டில் இது எங்கே கொண்டுபோய் விடும்? கார்டைப் பிரிப்பது லாபமா, சேர்ந்திருப்பது லாபமா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

அப்புறம் கோட்பாடு. குடும்பம் தன் வேலையைச் செய்ய அரசு கைகொடுக்கிறது என்பது, சமூகத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு வேலை உண்டு என்று சொல்லும் செயல்பாட்டுவாதிகளின் பார்வை, பள்ளிக் காலை உணவுத் திட்டம் அதற்குப் பொருந்தும். உதவித்தொகை மனிதர்களின் பொறுப்பைக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் சார்லஸ் மர்ரே என்ற அரசியல் ஆய்வாளர் 1984-இல் வாதிட்டார். டீக்கடையில் 'ஓசி கொடுத்தே கெடுக்காங்க' என்பதும் அதே வாதம்தான், ஆனால் இலை வெட்டித் தூள் வைத்து நாள் முழுக்கச் சுற்றுகிற பெண்ணின் வரவு செலவைப் பார்த்தபிறகு அதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊருக்கு அதிகம் உதவுவது பெண்ணியக் கேள்வி: பெண்ணுக்கு வரும் உதவி அவளை எந்த இடத்தில் வைக்கிறது? தாலிக்குத் தங்கம் திட்டம் 2022-இல் புதுமைப்பெண் ஆனது. கல்யாணத்துக்கு வந்த உதவி, அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. அக்காவுக்குத் தங்கமும் தங்கைக்கு இந்தப் பணமும் கிடைத்த வீடு அமைந்தால் விடாதீர்கள், இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள்.

மாமியார் முன்னால் மருமகளிடம் எதையும் கேட்க வேண்டாம். அவர் பீடிக்கடைக்குக் கட்டு கொடுக்கப் போகையில் கூடவே நடந்து போங்கள். ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, மெசேஜ் யார் போனுக்கு வருகிறது, பணம் முதலில் போவது குழுக் கடன் தவணைக்கா, பிள்ளையின் டியூஷனுக்கா, வீட்டுக்காரர் கைக்கா என்பதைக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.