ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

நம் உடம்பின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்பது சாப்பாட்டிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். மீதியை உடம்பே தயாரித்துக்கொள்ளும். நன்றாக இருக்கும்வரை இந்தக் கணக்கு சரி. பெரிய ஆபரேஷன், தீக்காயம், கடுமையான தொற்று என்று வந்துவிட்டால், ஆர்ஜினைன், குளுட்டமைன், சிஸ்டீன், டைரோசின், கிளைசின், புரோலின் ஆகியவை உடம்பு தயாரிக்கும் வேகத்துக்கு மேல் தேவைப்படலாம். குறைமாதக் குழந்தைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். சிஸ்டீனைத் தயாரிக்கும் நொதி கல்லீரலில் இன்னும் முதிர்ந்திருக்காது.

இதைப் படித்தவுடன் குளுட்டமைன் டப்பா ஒன்றை ஆர்டர் செய்வதுதான் முதல் தவறு. காரணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: நோயில் குறைகிறது, கொடுத்தால் சரியாகும். அப்படி நினைத்துத்தான் மருத்துவர்களும் சோதித்தார்கள். பல உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த 1,223 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதிக அளவில் குளுட்டமைன் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 43.7 சதவீதம், பெறாதவர்களில் 37.2. தீக்காயக்காரர்களுக்காவது உதவுமா என்று சுமார் 1,200 பேரிடம் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. அவர்களும் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. மாரடைப்புக்குப் பிறகு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்த குழுவில் ஆறு பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் ஒருவரும் இல்லை. இரத்தத்தில் ஒன்று குறைந்திருப்பதும், அதை மட்டும் ஊற்றி நிரப்புவதும் வேறு வேறு விஷயம்.

அதற்கு நேர் எதிரான தவறு நம் வீடுகளில் சகஜம். "முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், சீழ் பிடிக்கும்" என்று வாரக்கணக்கில் கஞ்சியும் ரசம் சாதமும். குடல் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள் டாக்டரே நீராகாரம் சொல்வார், அது வேறு. தையல் பிரித்த பிறகும் பத்தியம் தொடர்ந்தால், புண் ஆறத் தேவையானதை உடம்பு தன் தசையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். சீழ் வருவது கிருமியால், முட்டையால் அல்ல.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எலும்பு முறிந்தால் அதுதான் மருந்து என்று நம்புகிறவர்கள் நிறைய. அதிலிருக்கும் ஜெலட்டினில் கிளைசினும் புரோலினும் தாராளம், அது உண்மை. ஆனால் சாப்பாட்டிலிருந்தே கிடைக்க வேண்டிய அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோபான் ஜெலட்டினில் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு பாரிஸில் எலும்பு ஜெலட்டினை ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மலிவு உணவாகக் கொடுத்துவந்தார்கள். அதை ஆராய்ந்த, பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி தலைமையிலான குழு, ஜெலட்டின் மட்டுமே உயிரைத் தாங்காது என்று 1841-இல் அறிக்கை கொடுத்தது. சூப் தாராளமாகக் குடிக்கலாம். கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ இருக்கட்டும். கொலாஜனை வேகவைத்தால் கிடைப்பதுதான் ஜெலட்டின், அதனால் கொலாஜன் பவுடருக்கும் இதே கதைதான்.

அப்புறம், புரதத்தை மட்டும் கூட்டிச் சோற்றைக் குறைப்பது. எரிசக்தி போதாவிட்டால் சாப்பிட்ட புரதத்தையே உடம்பு எரித்துவிடும். புண்ணுக்கு மிச்சம் குறைவு.

சாதாரண நாளில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. தேறும் காலத்தில் பொதுவாக 1.2 முதல் 1.5 வரை சொல்வார்கள். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான், ஆகவே பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு முட்டும். சைவக்காரர்கள் சோறும் பருப்புமாகச் சேர்த்துச் சாப்பிடுவது நல்லது: அரிசியில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில். மெத்தியோனின் இருந்தால் அதிலிருந்து உடம்பு சிஸ்டீனைச் செய்துகொள்ளும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால், அதில் அமினோ அமிலங்கள் வெளியேறுவதால், கூட்டச் சொல்வார்கள்.