குவென்ச் செய்த மெக்னீசியத்தில் ஒளிந்திருக்கும் தகைவை அறுத்துப் பார்ப்போம்

பார்க்க நேராக இருக்கும் மெக்னீசியக் கட்டை, மில்லிங்கில் ஒரு பக்கம் சீவியதும் வில்லாக வளைந்துவிடும். மெஷினைத் திட்டிப் பயனில்லை. குவென்ச்சிங்கில், அதாவது சூடான உலோகத்தைச் சட்டென்று குளிர்விக்கும்போது, உள்ளே தங்கிப்போன எஞ்சிய தகைவுதான் (வெளிவிசை இல்லாமலேயே உலோகத்துக்குள் இருக்கும் இழுப்பும் அமுக்கமும்) காரணம்.

டபிள்யூஇ43 என்ற மெக்னீசியக் கலவையைச் சுமார் 525 டிகிரியில் 8 மணி நேரம் வைத்துத் தண்ணீரில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். சூடான உட்பகுதி விடாது. அதனால் மேற்பரப்பு நீண்டு, அப்படியே நிலைத்துவிடும். அப்புறம் உட்பகுதி தன் முறைக்குச் சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கும். கடைசியில் வெளியே அமுக்கம், உள்ளே இழுவிசை. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு மோசம். அதனால்தான் 60-80 டிகிரி வெந்நீர்.

சூளை வேலையை வீட்டில் முயல வேண்டாம், மெக்னீசியம் பற்றி எரியும். குவென்ச் முடிந்த, 20 மி.மீ. தடிமனுள்ள சட்டம் ஒன்று கிடைத்தால் போதும்.

1. ஒரு முனையில் தடிமனை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. மறுமுனையை வைஸில் பிடித்து, தடிமனின் சரிபாதியில் நீளவாக்கில் 100 மி.மீ. அறுங்கள். ஃபிரேம் இடிக்காமலிருக்க ஹாக்ஸா பிளேடைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டுங்கள். அவசரம் வேண்டாம், சூடேறினால் அளவு கெட்டுவிடும். அறுவைத் தூளைக் குவியவிடாதீர்கள்; பக்கத்தில் காய்ந்த மணல் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

3. இப்போது பிளவின் வாயைப் பாருங்கள். ஒவ்வொரு பாதியிலும் வெளிப்பக்கம் விரியவும் உட்பக்கம் சுருங்கவும் பார்ப்பதால், அடிப்பகுதியைவிட வாய் குறுகியிருக்கும். தகைவு அதிகமென்றால், உள்ளே போன பிளேடு வெளியே வர அடம்பிடிக்கும். எனக்கு முதல்முறை இதைப் பார்த்தபோதுதான் பாடம் உறைத்தது. வாய் விரிந்திருந்தால் மேற்பரப்பில் இழுவிசை என்று பொருள்.

4. அதே முனையை மறுபடி அளங்கள். 20.0 இருந்தது 19.3 ஆனால் வித்தியாசம் 0.7 மி.மீ.

5. கணக்கு: யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) × வித்தியாசம் × தடிமன் ÷ (4 × பிளவு நீளத்தின் வர்க்கம்). மெக்னீசியத்துக்கு யங் குணகம் சுமார் 45,000 மெகாபாஸ்கல். 45,000 × 0.7 × 20 ÷ 40,000, கிட்டத்தட்ட 16 மெகாபாஸ்கல்.

இது தோராயம்தான், மேற்பரப்பின் உச்சத் தகைவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பிட இது அருமையான வழி. அலுமினியத்தின் குணகம் சுமார் 70,000 என்பதால், அதே தகைவுக்கு மெக்னீசியம் ஒன்றரை மடங்கு வளையும்.

சரி, அடுத்து அதே தொகுதிச் சட்டம் இன்னொன்றை 250 டிகிரியில் 16 மணி நேரம் ஏஜிங் (மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்து வலுவேற்றுதல்) செய்தபின் வாங்கி, இதேபோல் அறுங்கள். வாய் முன்னளவுக்கு மூடாது.