கேபிள் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

2011-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 90 சேனல்களை மாதம் 70 ரூபாய்க்குத் தரத் தொடங்கியபோது, கேபிள் கட்டணம் என்பது வீட்டுச் செலவில் யாரும் தனியாகக் கணக்கு வைக்காத தொகையாக இருந்தது. இன்று பல ஊர்களில் சாதாரணத் தமிழ்த் தொகுப்புக்கே மாதம் 200 முதல் 300 ரூபாய் வரை வசூலிக்கிறார்கள். அதே வீட்டில் இணையத்துக்கும், கைப்பேசி ரீசார்ஜுக்கும், ஒன்றிரண்டு ஓடிடி செயலிகளுக்கும் தனித்தனியே பணம் போகிறது. கேபிளை நிறுத்திவிட்டால் இதில் ஒரு செலவு குறையும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 250 ரூபாய் கேபிளை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக 800 ரூபாய்க்குச் செயலிகளை வாங்கி வைத்துக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே எதை நிறுத்துவது என்பதைவிட, நிறுத்திய பிறகு எது வழியாகப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் போதும். வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்தச் சேனலில், என்ன பார்க்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். செட்டாப் பாக்ஸில் இருநூறு சேனல்கள் இருந்தாலும், பெரும்பாலான வீடுகளில் உண்மையில் பார்ப்பது ஆறேழு சேனல்களைத் தாண்டாது. மாலையில் இரண்டு மூன்று தொடர்கள், இரவுச் செய்தி, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம், குழந்தைகளுக்குக் கார்ட்டூன், ஆட்டம் இருக்கும் நாளில் கிரிக்கெட் என்று பட்டியல் முடிந்துவிடும். அதில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வேறு எங்கே கிடைக்கிறது என்று எழுதுங்கள். தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ், சன் நியூஸ் போன்ற செய்திச் சேனல்களின் நேரலையை யூடியூபில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சன் டிவியின் தொடர்கள் சன் நெக்ஸ்ட் செயலியிலும், விஜய் டிவியின் நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5-லும் இருக்கின்றன. ஒரே வீட்டில் இந்த மூன்று சேனல்களின் தொடர்களையும் தவறாமல் பார்க்கிறவர்கள் இருந்தால், கேபிளை விடுவதால் பணம் மிச்சமாகாது என்பதை இந்தத் தாளே சொல்லிவிடும்.

அடுத்ததாகக் கேபிள் கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, நாம் கட்டும் தொகையில் மூன்று பகுதிகள் உண்டு: இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம், நாம் தேர்ந்தெடுத்த கட்டணச் சேனல்களின் விலை, இவ்விரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பு 2024-ல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், கணக்குக்கு அந்தத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 19 ரூபாய் விலையுள்ள இரண்டு சேனல்களை மட்டும் தனியாகச் சேர்த்தால் 168 ரூபாய், வரியுடன் சுமார் 198 ரூபாய். கட்டணச் சேனல் எதுவுமே வேண்டாம் என்றால் வரியுடன் சுமார் 153 ரூபாய். அதிலேயே இலவசச் சேனல்கள் வந்துவிடும். விருப்பப்பட்ட சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுப்பது சந்தாதாரரின் உரிமை. ஆபரேட்டர் தொகுப்பைத்தான் முதலில் சொல்வார். உங்களுக்கு வேண்டிய சேனல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தபின் கேபிளை விடும் எண்ணமே பலருக்குத் தேவையற்றுப் போகலாம், அதில் தவறொன்றும் இல்லை.

இங்கே ஒரு விதியை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டில் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருந்தால், கேபிளை விடுவது பெரும்பாலும் லாபம். தொலைக்காட்சி பார்ப்பதற்காக மட்டுமே புதிதாக பிராட்பேண்ட் போடுவதாக இருந்தால் அது நஷ்டம். ஏனென்றால் மாதம் 399 ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்படும் திட்டமே வரியுடன் சுமார் 471 ரூபாயாகிவிடுகிறது. பிராட்பேண்ட் இல்லாத வீட்டுக்கு இரண்டு வழிகளே பொருத்தமானவை. ஒன்று, மேலே சொன்னபடி கேபிளைச் சுருக்குவது. மற்றொன்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் இலவசச் செயற்கைக்கோள் டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ்.

டிடி ஃப்ரீ டிஷ்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜும் கிடையாது. டிஷ், அதன் முனையில் பொருத்தும் சிக்னல் வாங்கியான எல்என்பி, ஒரு செட்டாப் பாக்ஸ், வயர், பொருத்தும் கூலி என எல்லாம் சேர்த்து ஊருக்கு ஏற்ப ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகும். 250 ரூபாய் கேபிள் கட்டுகிற வீட்டில் ஆறு முதல் பத்து மாதங்களில் அந்தப் பணம் திரும்பிவிடும். பழைய டிடிஎச் இணைப்பின் டிஷ்ஷும் எல்என்பியும் மொட்டை மாடியில் சும்மா கிடந்தால், பெரும்பாலும் அவற்றையே திசை மாற்றிப் பயன்படுத்தலாம். பாக்ஸ் மட்டும் வாங்கினால் போதும். எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) வகைப் பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வராது. உங்கள் தொலைக்காட்சியிலேயே செயற்கைக்கோள் சிக்னலை நேரடியாகப் பெறும் சாட்டிலைட் ட்யூனர் இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் அமைப்புப் பட்டியலையும் பாருங்கள். இருந்தால் பாக்ஸும் தேவையில்லை.

இந்த ஒளிபரப்பு கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானிலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில் இருக்கிறது; மதுரையிலிருந்து பார்த்தால் திசை இன்னும் சற்றுக் கிழக்காகும், உயரம் ஏறத்தாழ அதேதான். தென்கிழக்கில் உயரமான கட்டடமோ அடர்ந்த தென்னையோ மறைக்காத இடத்தைத் தேர்ந்தெடுத்து, டிஷ்ஷின் கம்பத்தை முதலில் நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் அதன்பின் எவ்வளவு திருப்பினாலும் சிக்னல் நிலைக்காது. பிறகு ஒருவர் பாக்ஸின் சிக்னல் தரம் காட்டும் பட்டையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் டிஷ்ஷை விரலளவு விரலளவாகத் திருப்ப வேண்டும். சிக்னலின் வலிமை காட்டும் பட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரளவு ஏறும், அதை நம்ப வேண்டாம். தரம் காட்டும் பட்டை ஏறினால்தான் சரியான செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். அது உச்சத்தில் நிற்கும்போது போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, சேனல்களைத் தேடிப் பதிவு செய்துகொள்ளலாம்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் வாங்கித்தான் வருகின்றன. அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை இந்தி. தமிழில் டிடி தமிழைத் தவிர அதிகம் எதிர்பார்க்க முடியாது, பெரிய தமிழ்ச் சேனல்களின் தொடர்கள் இதில் கிடைக்காது. ஆனால் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவையென அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே பொருந்தும். அதனால்தான் இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டம் ஃப்ரீ டிஷ்ஷின் டிடி ஸ்போர்ட்ஸில் ஓடும்போது, கேபிளில் அதே சேனல் வேறு எதையோ காட்டிக்கொண்டிருக்கிறது. ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை.

இணையம் வழியாகப் பார்ப்பது

பிராட்பேண்ட் உள்ளவர்களுக்குத் தேவையான கருவி ஸ்மார்ட் டிவி. அல்லது பழைய டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக். பெயர் தெரியாத நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு பாக்ஸை, எல்லாச் சேனலும் எல்லாப் படமும் வாழ்நாள் முழுதும் இலவசம் என்று சொல்லி விற்பார்கள். அது திருட்டு ஒளிபரப்பு. அத்தகைய பாக்ஸ்களில் தீநிரல்களை (மால்வேர்) ஏற்றியே விற்றிருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வங்கிக் கணக்கு இயங்கும் கைப்பேசியும் அந்தப் பாக்ஸும் ஒரே வைஃபையில் இருப்பது ஆபத்து.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்தே சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க 3 ஜிபி வரை செலவாகும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் ஒரு தொடர் முடிவதற்குள் தீர்ந்துவிடும். வீட்டு பிராட்பேண்டில் இந்தக் கவலை இல்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் எச்டியில் பார்த்தாலும் மாதம் 360 ஜிபிதான் ஆகும். வழக்கமான திட்டங்கள் தரும் 3,300 ஜிபியில் அது ஒன்பதில் ஒரு பங்குதான்.

பணம் கைநழுவும் இடம் செயலிச் சந்தாதான். ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கு மட்டும் பணம் கட்டுங்கள். அதில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து முடித்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததை எடுங்கள். பொங்கல், தீபாவளிக்கு வரும் புதுப்படங்களுக்காக ஆண்டு முழுவதும் மூன்று சந்தாக்களைச் சுமக்க வேண்டியதில்லை. மலிவாகத் தெரியும் மொபைல் திட்டங்களை எடுக்கும் முன் விவரத்தைப் படியுங்கள்: நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போன்றவை கைப்பேசியிலும் டேப்லெட்டிலும்தான் ஓடும், டிவியில் ஓடாது. பிராட்பேண்ட் திட்டத்தோடோ கைப்பேசி ரீசார்ஜோடோ ஏதாவது செயலி ஏற்கெனவே சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள், அதற்கே மறுபடி பணம் கட்டும் வீடுகள் உண்டு. மாதா மாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் யூபிஐ ஆட்டோபே மூலம் சந்தா கட்டியிருந்தால், யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை அங்கேயே ரத்து செய்யலாம். செயலியை டிவியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்கு மாதா மாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள்

இந்த மாற்றம் தோற்கிற வீடுகளில் காரணம் பெரும்பாலும் பணமல்ல, ரிமோட். எண்ணை அழுத்தினால் சேனல் வரும் என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய ஒருவரிடம், செயலியைத் திற, கணக்கைத் தேர்ந்தெடு, தேடு என்று சொன்னால் அவர் பார்ப்பதையே விட்டுவிடுவார். பகல் முழுவதும் தனியாக இருக்கும் பாட்டிக்கு டிவி வெறும் பொழுதுபோக்கு அல்ல, வீட்டில் கேட்கும் பேச்சுக் குரல். ஆகவே அவர் பார்க்கும் தொடருக்கான செயலியையும் யூடியூபையும் முகப்புத் திரையின் முதல் இரண்டு இடங்களுக்கு நகர்த்திவிட்டு, மற்றவற்றைப் பின்னே தள்ளுங்கள். யூடியூபில் அவருக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, அவர் பார்க்கும் செய்தி, பக்தி, சமையல் சேனல்களுக்கு மட்டும் சந்தா செய்து வையுங்கள். ரிமோட்டில் மைக் பொத்தான் இருந்தால், அதை அழுத்திக்கொண்டு தொடரின் பெயரைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கொடுங்கள். தட்டச்சு செய்வதைவிட இது அவர்களுக்கு விரைவில் கைவருகிறது. இவ்வளவு செய்தும் பழக்கத்துக்கு வரவில்லை என்றால், அவருக்காகச் சுருக்கிய கேபிளை வைத்துக்கொள்வதே முறை. மாதம் 200 ரூபாய் மிச்சத்துக்காக அந்தத் துணையைப் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர் என்றால், இன்வெர்ட்டரில் டிவி ஓடினாலும் ரௌட்டர் அணைந்துவிடக்கூடும். ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் இதற்குப் போதும். ஊர்க் கோயில் திருவிழாவைக் காட்டும் உள்ளூர் கேபிள் சேனல் இனி வராது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் தயாரான பிறகும் உடனே துண்டிக்க வேண்டாம். ஒரு மாதம் கேபிள் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே புது ஏற்பாட்டில் மட்டும் பாருங்கள். அல்லது இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். டிராயின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன. பல ஊர்களில் கேபிள் ஆபரேட்டரே பிராட்பேண்டும் தருகிறார் என்பதால், இரண்டையும் சேர்த்து என்ன விலைக்குத் தருவார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் நல்லது. நிறுத்துவதென்று முடிவானால் வாய்மொழியாகச் சொல்லாமல், சந்தாதாரர் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். செட்டாப் பாக்ஸ் அவர்களுடையது என்றால், ரிமோட், அடாப்டருடன் திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் எண் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்வைப்புத் தொகை ஏதேனும் கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்க அந்த ரசீது வேண்டும்.