கோசா மொழி: ஒலிக்குறிப்புச் சொல்லை வாக்கியத்தில் வைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியைத் தொடங்கும் தமிழருக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததுதான். ‘திக்கென்றது’, ‘சுளீரென்றது’ என்பவற்றில் ‘என்’ செய்யும் வேலையை அங்கே ‘தி’ செய்கிறது. இரண்டுமே ‘சொல்’ என்று பொருள்படும் வினைகள். ‘திக்’, ‘சுளீர்’ போன்ற ஒலிக்குறிப்புச் சொல்லுக்குக் கோசாவில் இசிஃபனெகிசோஸ்வி என்று பெயர். பிரித்தால் ‘குரல் ஓவியம்’.

கோசாவின் நாக்குச் சொடுக்குகளைத் தமிழில் எழுத வழியில்லை. அவை வரும் இடத்தில் × போட்டிருக்கிறோம். அவற்றுள் ஒன்று, நாம் ‘உச்சு’ கொட்டும் அதே ஒலி.

படி 1: முதலில் ‘தி’ வினையை ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றுங்கள்

உகுத்தி (சொல்ல, என்ன), ண்டீத்தி (நான்), வாத்தி (அவன்/அவள், முன்பு), ஊத்தே (அவன்/அவள், சற்றுமுன்), பாத்தே (அவர்கள், சற்றுமுன்), யீத்தி (ஏவல், ஒருவருக்கு), யித்தீனி (ஏவல், பலருக்கு). காலம், எழுவாய்க்கேற்ற முன்னொட்டு எல்லாம் இதன் தலையில்தான் ஏறும்.

படி 2: குறிப்புச் சொல்லை அப்படியே பின்னால் வையுங்கள்

‘×வாகா’ (உச்சு ஒலியில் தொடங்குவது) நிசப்தத்தைக் குறிக்கும்.

அபன்ட்வானா பாத்தே ×வாகா: குழந்தைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள்.
யித்தீனி ×வாகா: சத்தம் போடாதீர்கள்!

ஆள் மாறினாலும் காலம் மாறினாலும் ×வாகா மாறாது. பழக்கதோஷத்தில் அதற்கு முன்னொட்டு மாட்டுவதுதான் ஆரம்பத்தில் அதிகம் நடக்கும் தவறு. ‘தி’ எதற்கு இருக்கிறது? சுமக்கத்தான்.

படி 3: இன்னொரு வினையைத் தேடாதீர்கள்

தமிழ் காலை வாருவது இங்கேதான். ‘திடீரென்று வந்தான்’ என்பதில் ‘வந்தான்’தான் பயனிலை, ‘திடீரென்று’ அடைமொழி. கோசாவில் ‘வாத்தி ×ஈ’ என்றாலே போதும், ஆள் திடீரென்று எதிரே வந்து நின்றாயிற்று. ஆகவே ‘சடசடவென’ வகையை விட்டுவிட்டு ‘திக்கென்றது’ வகையை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

‘வாத்தி’ தனியே வந்தால் ‘சொன்னான்’ என்றும் பொருள்படும். அடுத்த சொல்லைக் கேட்காமல் முடிவு கட்டாதீர்கள்.

படி 4: அதிலிருந்து முழு வினை செய்யுங்கள்

‘க்ராஸு’ என்பது கிழிபடும் குறிப்பு. இறுதியில் ‘கா’ சேர்த்தால் க்ராஸுகா, கிழி (தானாக). ‘லா’ சேர்த்தால் க்ராஸுலா, கிழி (ஒருவர் கிழிப்பது). தமிழில் கிழிந்தது, கிழித்தது என்பதுபோல. அறுபடும் குறிப்பான ×ஹாவுவும் இதே வழி: ×ஹாவுகா, ×ஹாவுலா. இந்த வடிவங்கள் முழு வினைகள், ‘தி’ வேண்டாம். இன்டாம்போ ஈத்தே ×ஹாவு (கயிறு பட்டென்று அறுந்தது) என்பதற்கு மட்டும் ‘தி’ உண்டு.

நிறங்கள்

வெள்ளைவெளேர், கன்னங்கரேல் மாதிரி நிறத்துக்கென்றே ஒட்டிக்கொண்ட சொற்கள் சில உண்டு. ம்ஸ்லோபே ×ஹ்வா, வெள்ளைவெளேர். ம்ஞாமா கா×ஆ, கன்னங்கரேல். இங்கே ‘தி’ இல்லாமலே வரும். இடம் மாற்றிப் போட்டால் ‘கறுப்பு வெளேர்’ என்ற கதைதான். எனவே நிறத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.