ஜெராக்ஸ் கடையில் ஜிமெயிலை மூடாமல் வந்துவிட்டீர்களா?

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் மாமா போன வாரம் மஞ்சள் விற்க ஈரோடு போயிருந்தார். மண்டியில் கேட்டார்கள் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஜிமெயிலைத் திறந்து ஆதாரையும் பாஸ்புக் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது: மூடியது ஜன்னல்தான், ஜிமெயிலிலிருந்து வெளியேறவில்லை. "ஏனுங் மாப்ள, அதை மூடறதுக்கு மறுக்கா ஈரோடு போகோணுமா?" என்று போன்.

போக வேண்டியதில்லை. கையில் இருக்கும் செல்போனே போதும்.

ஜிமெயில் ஆப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொடுங்கள். 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்' என்று வரும். அதற்குள் போய், மேலே வரிசையாக இருக்கும் தலைப்புகளை நகர்த்தி 'செக்யூரிட்டி'யைப் பிடியுங்கள். கொஞ்சம் கீழே 'யுவர் டிவைசஸ்', அதனடியில் 'மேனேஜ் ஆல் டிவைசஸ்'. இப்போது உள்ளே இருக்கிற, கடந்த 28 நாட்களில் இருந்த கருவிகளெல்லாம் அங்கே தெரியும். கடைக் கணினி பெரும்பாலும் 'விண்டோஸ்' என்ற பெயரில் இருக்கும். அதைத் தொட்டு 'சைன் அவுட்' கொடுத்தால் முடிந்தது. ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அது தோராயம்தான், நேரத்தைப் பாருங்கள். ஒரே பெயரில் நாலைந்து இருந்து குழப்பமாக இருந்தால், கையில் இருக்கும் போனை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். திரும்ப பாஸ்வேர்டு போட்டு நுழைவது பெரிய வேலையா என்ன?

கணினியில் இன்னொரு வழி உண்டு. இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில் பொடி எழுத்தில் 'டீடெய்ல்ஸ்' இருக்கும். அதில் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற ஒரே பொத்தான். ஆனால் அது பிரவுசரில் திறந்தவற்றை மட்டுமே மூடும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய போன் அப்படியே உள்ளேதான் இருக்கும். அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

சரி, வெளியேற்றியாயிற்று. கடைக் கணினி 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டபோது மாமா 'சரி' கொடுத்திருந்தால்? அடுத்து உட்காருகிறவர் ஒரே தட்டில் உள்ளே வந்துவிடுவார். அதனால் அதே செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அப்படியே 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை'யும் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்தவருக்கும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே வருவது கஷ்டம்.

யாரோ புகுந்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் இன்னும் ஓரிடம் பார்க்க வேண்டும். கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வேர்டிங்' பகுதியைத் திறந்து, தெரியாத முகவரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் உங்கள் மெயில் நகல் அங்கே போய்க்கொண்டே இருக்கும். உடனே நீக்குங்கள். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்பதற்கான போன் எண் உங்களுடையதுதானா என்றும் ஒரு பார்வை.

அடுத்த முறை கடையில் 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து அந்த ஜன்னல்களை எல்லாம் மூடினால் மெயிலும் மூடிக்கொள்ளும். ஆனால் இறக்கிய ஃபைல் அப்போதும் போகாது. மாமாவின் ஆதாரும் பாஸ்புக்கும் கடைக் கணினியின் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில்தான் கிடந்தன. அதை அழிக்க மட்டும், பிரிண்ட் எடுத்த பில்லில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.